ரிசார்ட் டீக்கி பார்கள்: உபசரிப்பும் சூழலும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வசிக்கும் நண்பர்களும், விடுமுறைக்கு அங்கே செல்லும் உறவினர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்டு வருகிறார்கள். டிஸ்னி விடுதிகளில் இருக்கும் டீக்கி பாருக்குக் குடும்பத்தோடு போகலாமா, ஹவாய்க்குப் போனால் கடற்கரை பாரே போதாதா, சான் பிரான்சிஸ்கோவில் அறைக்குள்ளேயே மழை பெய்கிறதாமே, அதற்குக் கொடுக்கும் காசு தகுமா என்பவை அவற்றுள் சில. நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களை இங்கே தொகுத்து எழுதுகிறேன்.

டீக்கி பார் என்பது என்ன? மற்ற பார்களிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

பாலினீசியத் தீவுகளின் மரச்சிற்பங்கள், மூங்கில், ஓலைக்கூரை, மங்கலான விளக்குகள், ரம் கலந்த பழச்சாறுகள் ஆகியவற்றைக் கொண்டு அமெரிக்கர்கள் உருவாக்கிக்கொண்ட ஒரு கற்பனைத் தீவே டீக்கி பார். மாவோரி மரபில் "டீக்கி" என்ற சொல் முதல் மனிதனையும், மனித உருவில் செதுக்கிய சிற்பத்தையும் குறிக்கும். ஆனால் பார் பிறந்த இடம் ஹாலிவுட். மதுவிலக்கு நீங்கிய காலத்தில், 1930-களின் தொடக்கத்தில், எர்னஸ்ட் காண்ட் என்பவர் அங்கே "டான் தி பீச்கோம்பர்" என்ற சிறிய மதுக்கூடத்தைத் திறந்தார். ஒரே கோப்பைக்குள் இரண்டு மூன்று வகை ரம்களையும், எலுமிச்சைச் சாற்றையும், மசாலா மணக்கும் பாகையும் சேர்ப்பது அவர் கண்டுபிடித்த முறை. செய்முறை வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகக் கலவைப் புட்டிகளில் பெயருக்குப் பதிலாகக் குறியீடுகளையே எழுதி வைத்தார். அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கே புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது முழுமையாகத் தெரியாது. அவரைப் பின்பற்றி ஓக்லாந்தில் "ட்ரேடர் விக்ஸ்" உணவகத்தை வளர்த்த விக்டர் பெர்ஜரான், 1944-இல் மாய் தாய் என்ற பானத்தை உருவாக்கினார். தஹித்தியிலிருந்து வந்திருந்த நண்பர்களுக்கு அவர் அதைக் கொடுத்தபோது, "மிகச் சிறப்பு" என்ற பொருளில் அவர்கள் தஹித்தி மொழியில் சொன்ன சொற்களே பானத்தின் பெயராகிவிட்டன.

கடற்கரை பாரில் கடல் இருக்கும். இலக்கணப்படி அமைந்த டீக்கி பாரில் சன்னல்கூட இருக்காது. வெளியே பகலா இரவா, வெயிலா மழையா என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதே அதன் அடிப்படை.

இவை ரிசார்ட்டுகளுக்குள் எப்படி வந்தன?

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளைப் பார்த்துத் திரும்பிய படைவீரர்கள் ஒரு காரணம். 1959-இல் ஹவாய் அமெரிக்க மாநிலமானது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் விடுதி முதலாளிகள். ட்ரேடர் விக்ஸ் கிளைகள் ஹில்டன் விடுதிகளுக்குள் திறக்கப்பட்டன. 1955-இல் பெவர்லி ஹில்ஸ், 1963-இல் லண்டன் என்று அந்த வரிசை நீண்டது. லண்டன் கிளை 2022-இன் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர் இந்தப் பெயரை அங்கேயே பார்த்திருப்பார்கள். துபாய், அபுதாபி, பஹ்ரைன் ஆகிய இடங்களில் நட்சத்திர விடுதிகளோடு சேர்ந்தே அது நடக்கிறது.

நீங்கள் எதை வைத்து ஒரு பாரை இன்னொன்றோடு ஒப்பிடுகிறீர்கள்?

அலங்காரத்தை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். பணம் இருந்தால் எந்த ரிசார்ட்டும் ஓலை வேய்ந்து, சிலை நிறுத்தி, தீப்பந்தம் ஏற்றிவிடலாம். அந்த அலங்காரத்தைப் பணியாளர்கள் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்களா என்பதைத்தான் முதலில் கவனிப்பேன். நாம் உட்கார்ந்த பத்து நிமிடத்துக்குள் இது தெரிந்துவிடும். பணியாளர் நம் கண்ணைப் பார்த்து, "புளிப்பு பிடிக்குமா, இனிப்பு பிடிக்குமா, ரம் தூக்கலாக இருக்கலாமா?" என்று கேட்டால் அந்த இடம் தேறிவிடும். பளபளக்கும் மெனு அட்டையை மேசையில் போட்டுவிட்டுப் போய்விட்டால், எத்தனை சிலைகள் நின்றாலும் பயனில்லை.

ஒருமுறை ஒரு கடலோர ரிசார்ட்டில் இதை நன்றாக உணர்ந்தேன். பெயர் வேண்டாம். வாசலில் ஆளுயரச் சிற்பங்கள், கூரையில் உண்மையான ஓலை, மீன்பிடி வலையில் தொங்கும் கண்ணாடி உருண்டைகள் என்று பார்க்க அத்தனை அழகு. நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு வந்த மாய் தாய், இயந்திரக் குழாயிலிருந்து நெகிழிக் கோப்பையில் பிடித்த சிவப்புச் சர்க்கரைத் தண்ணீராக இருந்தது. கொண்டுவந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, ஏனென்றால் அவர் ஒருவரே இருபது மேசைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். சிற்பத்துக்குச் செலவழித்ததில் ஒரு பங்கை இன்னும் இரண்டு பணியாளர்களுக்குச் செலவழித்திருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் இன்றும் இருக்கிறது.

கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் விடுதியில் உள்ள "ட்ரேடர் சாம்ஸ்" எப்படி?

அனஹைம் நகரில், டிஸ்னிலேண்ட் விடுதியின் நீச்சல்குளத்துக்கு அருகே 2011-இல் திறந்த சிறிய பார் இது. சிறிய அறை என்பதே அதன் பலம். இங்கே உபசரிப்பும் நாடகமும் ஒன்றாகவே நடக்கின்றன. கிராக்கட்டோவா என்ற எரிமலையின் பெயர் கொண்ட பானத்தை யாராவது கேட்டால், விளக்குகள் மாறி, சுவரில் தெரியும் எரிமலை வெடித்துக் குழம்பு வழியத் தொடங்கும். கப்பல் கவிழ்வதைப் பெயராகக் கொண்ட பானத்தைக் கேட்டால், அலமாரியில் புட்டிக்குள் இருக்கும் பொம்மைக் கப்பல் மெல்ல மூழ்கும். பார்டெண்டர்கள் கூச்சலிட்டு வாடிக்கையாளர் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். "உ ஓவா" என்ற பெரிய கிண்ணத்தை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குவார்கள். அது வரும்போது நடுவில் சிறு தீ எரிந்துகொண்டிருக்கும். பணியாளர் அந்தப் பெயரையே மந்திரம்போல உரக்கச் சொல்ல, அறை முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லும். பிறகு அவர் ஒரு சிட்டிகை பட்டைத்தூளைத் தீயின்மேல் தூவுவார். பொறிகள் மத்தாப்பு போலச் சிதறி அடங்கிய பின், சுட்ட பட்டையின் மணம் சில நொடிகள் மேசைமேல் நிற்கும்.

கவுண்டர் எதிரே உள்ள உயரமான இருக்கைகளில் சில, உட்கார்ந்தவருக்குத் தெரியாமலே மெதுவாகக் கீழே இறங்கும். எதிரே இருப்பவரின் முகம் உயரே போவதுபோலத் தோன்றிய பிறகுதான் விஷயம் புரியும். முதன்முறை வருபவரைப் பார்த்ததும் பார்டெண்டர் பொத்தானை அழுத்தத் தயாராகிவிடுகிறார் என்பதை மூன்றாவது முறை போனபோது கவனித்தேன். யார் புதியவர், யார் களைத்து வந்திருக்கிறார், யாரைச் சீண்டலாம், யாரை விட்டுவிட வேண்டும் என்று அவர்கள் அளந்து வைத்திருக்கிறார்கள். நான் மெச்சுவது இந்தக் கணிப்பைத்தான்.

குறையும் உண்டு. அமைதியாகப் பேச விரும்பும் இருவருக்கு இது ஏற்ற இடம் அன்று. ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் யாராவது எதையாவது கேட்க, மணி அடிக்கும், இடி இடிக்கும், பேச்சு அறுந்துபோகும்.

புளோரிடாவில் இருப்பதும் இதே பார்தானே?

பெயர் பாதி ஒன்று. ஓர்லாண்டோ அருகே வால்ட் டிஸ்னி வேர்ல்டில், 1971-இல் திறந்த பாலினீசியன் வில்லேஜ் ரிசார்ட்டுக்குள், "ட்ரேடர் சாம்ஸ் க்ராக் க்ராட்டோ" 2015-இல் வந்தது. அனஹைமின் பார் காட்டு ஆற்றை நினைவூட்டினால், இது கடலடியை நினைவூட்டுகிறது. ஜூல்ஸ் வெர்னின் கடலடிக் கதையில் வரும் நாட்டிலஸ் நீர்மூழ்கியின் வடிவிலேயே செய்த பெரிய குவளையில் பகிர்ந்து குடிக்கும் பானம் ஒன்று உண்டு. வெளியே "டீக்கி டெரஸ்" என்ற திறந்தவெளிப் பகுதி இருக்கிறது. அங்கே எரிமலையும் இடியும் கிடையாது. ஆனால் காற்று வரும், மாலையில் இசை இருக்கும், பேசவும் முடியும். உள்ளே இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தியபடி வெளியே அமர்ந்து, நல்ல வேளை உள்ளே போகவில்லை என்று எழுந்து வந்தவர்களை எனக்குத் தெரியும். முதியவர்களோடு போவதானால் நான் வெளியேதான் உட்காருவேன்.

ஹவாயில் அசல் தீவே இருக்கும்போது டீக்கி பார் எதற்கு?

நியாயமான கேள்வி. வைகிகி கடற்கரையில் 1927-இல் திறந்த ராயல் ஹவாயியன் விடுதி, அதன் இளஞ்சிவப்பு நிறத்தால் தொலைவிலேயே தெரியும். பெர்ஜரான் தம் மாய் தாயை ஹவாய்க்குக் கொண்டுவந்தது 1953-இல், இந்த விடுதி உள்ளிட்ட மேட்சன் கப்பல் நிறுவனத்தின் விடுதிகளுக்காகத்தான். இன்றும் அங்கே மாய் தாய் பெயரிலேயே ஒரு பார், மணலை ஒட்டி நடக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தால் டைமண்ட் ஹெட் குன்று தெரியும். சூரியன் இறங்கும் நேரத்தில் எந்த மின்விளக்கும் போட்டியிட முடியாத சூழல் அது.

ஆகவே சூழலில் ஹவாய்க்கே முதலிடம். உபசரிப்பில் அப்படிச் சொல்ல மாட்டேன். இனிமையாகப் பேசுவார்கள், ஆனால் சூரியன் மறையும் ஒரு மணி நேரத்தில் எல்லா மேசையும் ஒரே சமயத்தில் நிரம்புவதால், பானம் வரத் தாமதமாகும். அத்துடன், அன்னாசிச் சாறு சேர்ந்த ஹவாய் மாய் தாய் 1944-இன் மூலச் செய்முறையைவிட மிகவும் இனிப்பானது. மூலத்தில் அன்னாசியே கிடையாது. முதிர்ந்த ஜமைக்கா ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மணமுள்ள மது, பாதாம் பாகு, கொஞ்சம் சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான். பழைய முறையில் வேண்டும் என்று கேட்டால் செய்து தரும் பார்டெண்டர்கள் வைகிகியில் இருக்கிறார்கள். கேட்க வேண்டும்.

ஹவாயின் உபசரிப்பைப் பற்றிப் பேசும்போது ஹாரி யீயைச் சொல்லாமல் விட முடியாது. இன்று ஹில்டன் ஹவாயியன் வில்லேஜ் என்று வழங்கும் விடுதியில், அது ஹென்றி கைசர் என்ற தொழிலதிபரின் விடுதியாக இருந்த காலத்தில், அவர் பார்டெண்டராக இருந்தார். நீல நிறமுள்ள "ப்ளூ ஹவாய்" பானத்தை 1957-இல் உருவாக்கியவர் அவரே. அதைவிட எனக்குப் பிடித்தது ஆர்க்கிட் பூவின் கதை. அதுவரை கோப்பையில் ஒரு கரும்புத் துண்டைச் செருகித் தருவது வழக்கம். வாடிக்கையாளர்கள் அதை மென்று, சக்கையைச் சிகரெட் சாம்பல் தட்டில் போட்டுவிடுவார்கள். சாம்பலும் சர்க்கரையும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ள, தட்டுகளைக் கழுவுவது பெரும்பாடாகிவிடும். அதனால்தான் கரும்பை எடுத்துவிட்டுப் பூவை வைத்தார். உலகெங்கும் ரிசார்ட் பானங்களின்மேல் இன்று நாம் பார்க்கும் அந்தப் பூ, சாம்பல் தட்டு கழுவிய ஒருவருடைய யோசனை. அவர் 2022-இல், நூறு வயதைக் கடந்து, காலமானார்.

இசை எப்படி இருக்க வேண்டும்?

பேச்சுக்கு அடியில் ஓட வேண்டும். அதே ஹவாயியன் வில்லேஜின் ஷெல் பாரில் 1950-களில் மார்ட்டின் டென்னியின் குழு வாசித்தபோது, அருகிலிருந்த குளத்துத் தவளைகள் இசையோடு சேர்ந்து கத்தின. குழுவினர் அதற்குப் பதில்போலப் பறவைக் குரல்களை எழுப்பினார்கள். வந்திருந்தவர்களுக்கு அது பிடித்துப்போக, பறவைக் குரல் அவர்கள் இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. இன்று டீக்கி பாரில் மெல்லிய வைப்ரஃபோனும் (உலோகத் தகடுகளைத் தட்டி வாசிக்கும் கருவி) பறவைச் சத்தமும் கேட்டால் அதன் வேர் அங்கே இருக்கிறது. அதற்குப் பதிலாகத் தொலைக்காட்சியில் கால்பந்து ஓடினால், சூழல் அங்கேயே முடிந்துவிட்டது என்று பொருள்.

சான் பிரான்சிஸ்கோவின் "டோங்கா ரூம்" ரிசார்ட் இல்லையே, அதை ஏன் சேர்க்கிறீர்கள்?

நகர விடுதிதான், ஆனால் ரிசார்ட் பார்கள் பின்பற்றும் பல உத்திகளை அங்கே முழு அளவில் பார்க்கலாம் என்பதால் சேர்க்கிறேன். ஃபேர்மாண்ட் விடுதியின் அடித்தளத்தில் 1929-இல் கட்டிய நீச்சல்குளம் ஒன்று இருந்தது. எம்ஜிஎம் படநிறுவனத்தின் அரங்க அமைப்பாளர் ஒருவரைக் கொண்டு 1945-இல் அதை மதுக்கூடமாக மாற்றினார்கள். குளம் அப்படியே நடுவில் இருக்கிறது. இசைக்குழு ஓலைக்கூரை போட்ட மிதவையில் ஏறி நீரின் நடுவே வந்து வாசிக்கும். குறிப்பிட்ட இடைவெளியில் இடி முழங்க, மின்னல் வெட்ட, கூரையிலிருந்து குளத்தின்மேல் மழை பெய்யும்.

அந்த மழை யாரையும் நனைக்காது, யார் பேச்சையும் வெகுநேரம் தடுக்காது, யாரும் கேட்காமலே வந்து தானே நின்றுவிடும். ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முற்றத்து மழையைப் பார்த்தவர்களுக்கு அந்த நிம்மதி உடனே பிடிபடும். அனஹைமில் வாடிக்கையாளர் கேட்டால் நாடகம் நடக்கிறது. இங்கே நாடகம் தன் போக்கில் நடக்க, நாம் அதற்குள் போய் அமர்கிறோம். என் விருப்பம் இரண்டாவதுதான். உபசரிப்பு இங்கே நிதானமானது, கொஞ்சம் பழைய பாணி. கூட்ட நாள்களில் மெதுவாக இருக்கும்.

நல்ல பார்டெண்டரை எப்படி அடையாளம் காண்பது?

கையைப் பாருங்கள். எலுமிச்சையை அப்போதே பிழிகிறாரா, புட்டியிலிருந்து ஊற்றுகிறாரா? ரம்மை அளவுக் கிண்ணத்தில் அளக்கிறாரா, கண்மட்டத்தில் சாய்க்கிறாரா? டீக்கி பானங்களில் ஆறேழு பொருள்கள் சேர்வதால் அளவு கொஞ்சம் பிசகினாலும் சுவை கெடும். நொறுக்கிய பனிக்கட்டி, கோப்பை விளிம்புவரை இருக்க வேண்டும். புதினாக் கொத்தைச் செருகுமுன் உள்ளங்கையில் ஒருமுறை தட்டினால் மணம் எழும். இதைச் செய்பவர் மற்றதையும் கவனமாகச் செய்பவராகவே இருப்பார். சோம்பி (Zombie) போன்ற வலுவான பானத்தைக் கேட்டால் எச்சரிக்கை செய்வதும் உபசரிப்பில் சேரும். டான் தி பீச்கோம்பரைத் திறந்த காண்ட், தம் கடையில் ஒருவருக்கு இரண்டு சோம்பிக்கு மேல் தருவதில்லை என்று விதியே வைத்திருந்தார்.

குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

நம் ஊரில் "பார்" என்றால் குடும்பத்தோடு எட்டிப் பார்க்காத இடம் என்ற எண்ணம் இருப்பதால் இந்தத் தயக்கம் வருகிறது. டிஸ்னியின் இரண்டு பார்களிலும் இரவு 8 மணிவரை குழந்தைகளை அனுமதிப்பது வழக்கம். அதன் பிறகு 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே. மாலை நேரத்தில் எரிமலை வெடிப்பதைப் பார்த்துக் குழந்தைகள் துள்ளுவதும், பார்டெண்டர்கள் அவர்களுக்காகவே குரலை உயர்த்துவதும் நல்ல காட்சி. இடி ஒலிக்கு அஞ்சும் சிறு குழந்தை இருந்தால் வெளிப்புறப் பகுதியே மேல்.

மது அருந்தாதவர்களுக்கும் சைவம் உண்பவர்களுக்கும் அங்கே என்ன இருக்கிறது?

மது இல்லாத பானங்கள் எல்லா இடத்திலும் உண்டு, அவற்றையும் அதே அக்கறையோடு கலக்கிறார்களா என்பது அந்த இடத்தின் தரத்தைக் காட்டும். உணவில் பன்றி இறைச்சியும் மீனும் மிகுதி. சைவம் என்பதை உட்கார்ந்தவுடனே சொல்லிவிடுவது நல்லது. மீன் சாறும் சிப்பிச் சாறும் பல சாஸ்களில் ஒளிந்திருக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாய் தாயில் சேரும் "ஓர்ஜா" என்பது பாதாம் பாகு. "ஃபலெர்னம்" என்ற கிராம்பு, இஞ்சிப் பாகிலும் பல தயாரிப்புகளில் பாதாம் இருக்கிறது. பருப்பு, கொட்டை வகை ஒவ்வாமை உள்ளவர்கள் பானத்தைக் கேட்கும்போதே இதைச் சொல்ல வேண்டும்.

எந்த நேரத்தில் போனால் இடம் கிடைக்கும்?

திறக்கும் நேரத்தில், அதுவும் வார நாளில். இடம் ஒதுக்கும் முறை விடுதிக்கு விடுதி மாறும். சில விடுதிகள் நேரில் பெயர் வாங்கிக்கொண்டு கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும், சில முன்பதிவு எடுக்கும். போகும் வாரத்தில் விடுதியின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய டீக்கி குவளை வெளியாகும் நாளில் சேகரிப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள், அன்று தவிர்த்துவிடலாம்.

டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்?

அமெரிக்காவில் 18 முதல் 20 விழுக்காடு என்பது நடைமுறை. ரசீதை முதலில் படியுங்கள். பெரிய குழுக்களுக்குச் சில இடங்களில் சேவைத் தொகையை முன்பே சேர்த்திருப்பார்கள். நினைவுக் குவளையோடு வாங்கினால் விலை கணிசமாகக் கூடும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாலினீசியர்களின் புனித உருவங்களை மதுக்கூட அலங்காரமாக்குவது சரியா?

இந்தக் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். நம் ஊர்க் காவல் தெய்வத்தின் சிலையைப் பிரதியெடுத்து, தலையைக் குடைந்து, மதுக் குவளையாக்கி விற்றால் நமக்கு எப்படி இருக்கும்? மாவோரிகளும் ஹவாயின் பழங்குடியினரும் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். மாற்றமும் மெல்ல வருகிறது. டிஸ்னியின் ஜங்கிள் குரூஸ் படகுச் சவாரியில், தலைகளை விற்கும் பழங்குடி வணிகராகக் காட்டிய ட்ரேடர் சாம் உருவத்தை 2021-இல் அகற்றினார்கள்; பாரின் பெயரில் அது இன்னும் நிற்கிறது. தெய்வ உருவங்களைக் குறைத்து, கப்பல், கடல், ரம்மின் வரலாறு ஆகியவற்றை முன்னிறுத்தும் புதிய பார்களும் இருக்கின்றன. அவற்றில் சூழல் குறைந்துவிட்டதாக நான் உணரவில்லை.

உள்ளே எங்கே உட்காருவது நல்லது?

இருவராகப் போனால் கவுண்டரில். பனி நொறுங்கும் சத்தமும் எலுமிச்சைத் தோலின் மணமும் அங்கேதான் கிடைக்கும், பார்டெண்டரும் பேசுவார். நால்வருக்கு மேல் போனால் மூலை மேசை. டோங்கா ரூமில் மட்டும் நீரை ஒட்டிய மேசையைக் கேட்டு, கிடைக்கும்வரை காத்திருங்கள்.